பெல்ட்டுக்குள் பருத்தி

லரேடோவில், மெக்சிக்கோ எல்லைப் பாலத்தை ஒட்டிய சுங்கத் தரகர் அலுவலகங்களில் ஒத்தீலியா பெனவீதெஸ் என்று சொன்னால் தெரியாதவர் இல்லை. மெக்சிக்கோப் பக்கமிருந்து வரும் எந்தச் சரக்கையும் அவள் கையில் கொடுத்தால் போதும். தடவிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், நகத்தால் கீறிப் பார்ப்பாள். பிறகு பத்து இலக்க வரி எண்ணை, அண்டை வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை, இதே முதலாளி. முதலாளி ரொகேலியோ அவளுடைய மகனுக்கு ஞானத்தகப்பனும்கூட. அந்த உறவில் அவர் அவளைக் 'கொமாத்ரே' என்பார், அவள் அவரைக் 'கொம்பாத்ரே' என்பாள்.

அந்த டைமிங் பெல்ட் சரக்கு வந்தது ஒரு மார்ச் மாதம். எங்கோ கடல் தாண்டிச் செய்து, மான்டெர்ரேயில் புது டப்பாவில் போட்டு, சான் அன்டோனியோ வியாபாரி ஒருவருக்காகப் பாலத்துக்கு வந்திருந்தது. ஆயிரத்து நானூறு பெல்ட்டுகள். கார் எஞ்சினுக்குள் பல்லோடு பல் பொருத்தி ஓடுகிற வகை. ரப்பர், உள்ளே கண்ணாடி இழை நூல் என்று காகிதம் சொன்னது.

ஒத்தீலியா மாதிரிக்கு ஒன்றை எடுத்து, முதுகில் சாக்பீஸால் கோடு போட்டு, மேசைமேல் பதித்த அளவுகோலின்மீது ஒரு சுற்று உருட்டினாள். நூற்றி நான்கு சென்டிமீட்டர். அறுபதுக்கு மேல், நூற்றைம்பதுக்குள். வரி எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் நாற்பது, பத்து, முப்பத்தைந்து. அதுவரை சிக்கல் இல்லை. மிச்ச எண்கள் உள்ளே இருக்கிற நூல் எது என்பதைப் பொறுத்தவை. ஓரத்தை பிளேடால் கீறி ஒரு நூலை உருவினாள். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் காட்டினாள்.

கண்ணாடி எரியாது. இது எரிந்தது. மஞ்சள் சுடர், காகிதம் கருகும் வாசனை, தொட்டதும் உதிர்கிற சாம்பல். பருத்தி.

அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! மீதி நூலைத் தன் குறிப்புத்தாளில் டேப் போட்டு ஒட்டி, 'பருத்தி. காகிதத்தில் உள்ளது தவறு' என்று எழுதி, எண்ணை மாற்றினாள். ரொகேலியோ அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி கை தட்டினார்.

"பாருங்கடா! சுங்கத்துக்காரன் லேபுக்கு அனுப்பி மூணு மாசம் கழிச்சுக் கண்டுபிடிக்கிறத, எங்க கொமாத்ரே ஒத்தத் தீக்குச்சில கண்டுபுடிச்சுட்டா."

மறுநாள் காலை அவளுக்கு மட்டும் முட்டையும் சொரிசோ இறைச்சியும் வைத்துச் சுருட்டிய மரியாச்சி ரொட்டி இரண்டு வாங்கி வந்தார். சான் அன்டோனியோ வியாபாரி, காற்புள்ளிக்குக்கூடச் சண்டை போடுகிறவர், எண் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'அப்படியே போடுங்க' என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அது ஏன் என்று ஒத்தீலியா அப்போது யோசிக்கவில்லை. பெல்ட்டுகள் பாலத்தைத் தாண்டிப் போயின.

*

திமோதியோ அர்ரெதோந்தோ வந்தது இரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில். அறுபதை நெருங்கியவர். வெல்டிங் வேலை செய்கிறவர் என்பது முழங்கையில் இருந்த பொட்டுப் பொட்டான தீக்காயங்களைப் பார்த்தாலே தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வரவேற்பில் இருந்த சாயோவிடம் கேட்டார்.

"இங்க பெல்ட் பாக்குறது யாருங்க?"

"இடுப்புக்கா, எஞ்சினுக்கா?" என்றாள் சாயோ. யாரிடமும் வாய் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது.

"எஞ்சினுக்கு" என்றார் அவர், சிரிக்காமல்.

சாயோ ஒத்தீலியாவின் மேசையைக் காட்டினாள். அவர் வந்து ஒரு ரொட்டிப் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே அறுந்த பெல்ட் ஒன்று, செத்த பாம்பு போலச் சுருண்டு கிடந்தது.

"எம் பொண்ணு கார்ல இருந்தது. யெசேனியா. சான் அன்டோனியோல பல் டாக்டர்கிட்ட வேல பாத்தா. வெள்ளிக்கிழம வீட்டுக்கு வருவா. என்சினால் ஊரத் தாண்டினதும் ரோட்டு நடுவுல எஞ்சின் நின்னுபோச்சு. பின்னாடி லாரி." அவர் தொப்பியின் ஓரத்தை விரலால் சுற்றிக்கொண்டே சொன்னார். "அஞ்சு மாசமாச்சு. பெல்ட்டு மாத்தி ஏழே வாரம். மொதல்ல மெக்கானிக் சட்டயப் புடிச்சேன். அவன் அழுதான், வாங்கின கடய காமிச்சான். கடக்காரன் சான் அன்டோனியோ ஆள காமிச்சான். அந்த ஆளு என்னய உள்ளயே விடல. ஆனா அங்க கிடங்குல இருந்த பையன் ஒரு காகிதத்த போட்டோ எடுத்துக் குடுத்தான். அதுல உங்க ஆபீஸ் பேரு இருந்துச்சு."

ஒத்தீலியா நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். "நாங்க வெறும் தரகருங்க..."

"தெரியும்மா. நான் சண்ட போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். இது பாலத்த தாண்டுறப்ப யாராச்சும் ஒருத்தர் கையில எடுத்துப் பாத்தீங்களா?"

பையின் பிளாஸ்டிக்குக்குள்ளே அறுந்த முனை தெரிந்தது. பழைய துடைப்பான்போல நூல்கள் பிரிந்து நின்றன. வெள்ளை நூல்கள். அவளுக்கு அது எது என்று தெரிய தீக்குச்சி தேவைப்படவில்லை.

"இல்லீங்க" என்றாள் ஒத்தீலியா. "நாங்க காகிதத்த மட்டுந்தான் பாப்போம்."

அவர் தலையாட்டினார். ஒரு துண்டுத்தாளில் தன் முகவரியை எழுதி, "யாருக்காச்சும் ஏதாச்சும் ஞாபகம் வந்தா" என்று வைத்தார். "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் அவள் அன்றைக்குத் தூங்கியிருப்பாள். அந்த நன்றிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

*

முதலில் வந்தது வாசனை. துணிக்கு இஸ்திரி போடும்போது, மேசைக்குக் காப்பி வரும்போது, தேவாலயத்தில் பூசைக்கு முழந்தாளிட்டிருக்கும்போது, திடீரென்று பருத்தி கருகும் வாசனை. அடுப்பைப் பார்ப்பாள், அணைந்திருக்கும். சாயோவிடம் கேட்பாள். "உங்க மூக்குக்கு லீவு குடுங்க அக்கா" என்பாள் சாயோ.

பிறகு அந்தக் கார்.

முதல் தடவை பார்த்தது கிடங்கு முற்றத்தில், மாலை நான்கு மணிக்கு. பத்துப் பதினைந்து லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு நீலக் கார் வந்தது. எஞ்சின் சத்தமே இல்லை. சரளைக்கல் டயருக்கடியில் நொறுங்குகிற சத்தம் மட்டும் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது, இரைச்சல் எல்லாம் வேறெங்கோ இருப்பதுபோல. வேகம் குறைந்து, குறைந்து, அவளுக்கு இருபதடி தள்ளி நின்றது. உள்ளே ஒரு பெண் சாவியைத் திருகினாள். டிக். மறுபடி திருகினாள். டிக். இடையில் ஒரு லாரி கடந்து போனது. லாரி போன பிறகு அங்கே சரளைக்கல்தான் இருந்தது.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான்கு நாள் கழித்துக் கடை வாசலில் அதே கார், அதே டிக். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் பூசை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது, அவள் தெருவிலேயே, வீட்டு வாசலுக்கு நேராக. கார்க் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் ஒத்தீலியாவைப் பார்க்கவில்லை. குழம்பிப்போய் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள். இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். இடது காலில் வெள்ளைச் செருப்பு, வலது கால் வெறுங்கால்.

ஒத்தீலியா கதவுப் பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடி ஜெபம் சொன்னாள். திறந்தபோது எதிர்வீட்டு நாய் மட்டும் நடுத்தெருவைப் பார்த்து, குரைக்காமல், வாலை இடுக்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அவளால் எந்தக் காரையும் வெறும் காராகப் பார்க்க முடியவில்லை. சிக்னலில் நிற்கிற ஒவ்வொன்றின் முன்மூடியையும் பார்ப்பாள். இதற்குள் இருக்குமோ? பின்சீட்டில் குழந்தை தூங்குகிறதே, இதற்குள் இருக்குமோ? ஆயிரத்து நானூற்றில் அறுந்தது ஒன்று. மீதி எல்லாம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தன.

*

ரொகேலியோவிடம் சொன்னாள். காரைப் பற்றி அல்ல, பெல்ட்டோடு வந்த மனிதரைப் பற்றியும் நூலைப் பற்றியும். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"கொமாத்ரே, நீ போட்ட நம்பர் சரிதானே?"

"சரிதான்."

"அப்புறம் என்ன? நம்ம வேல நம்பர் போடுறது. ரப்பரா, பஞ்சா, எத்தன சென்டிமீட்டர். அவ்ளோதான். ஓடுமா அறுந்துபோகுமான்னு கேக்குற பக்கம் அந்தப் புத்தகத்துலயே இல்ல."

"கண்ணாடின்னு எழுதிப் பஞ்ச வெச்சிருக்கான் கொம்பாத்ரே. எஞ்சினுக்குள்ள ஓடப்போறதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, பஞ்சுக்கு எந்த நம்பர்னுதான் யோசிச்சேன். நீங்க எனக்கு மரியாச்சி வாங்கிக் குடுத்தீங்க. நான் ரெண்டையும் தின்னேன்."

ரொகேலியோ முகத்தைத் தடவிக்கொண்டார். "இங்க பாரு. வாடிக்கக்காரன் காகிதத்த வெளியாளுக்குக் காட்டினா என் லைசன்ஸ் போயிடும். பதினோரு பேரு இங்க சோறு திங்கிறாங்க. உன் மகன் படிச்சதும் இந்த லைசன்ஸுலதான், மறந்துடாத."

"மறக்கல."

"அந்தாளு பொண்ணு திரும்பி வருவாளா?"

ஒத்தீலியா கதவைத் திறந்து வெளியே வந்தாள். நீலக் காரில் அந்தப் பெண் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தாள்.

அன்று மதியம் பழைய கோப்புகள் இருக்கிற அறைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதப் பெட்டியைத் தேடி எடுத்தாள். தன் கையெழுத்து, தேதி, டேப்புக்கடியில் கருகிய நூல், எல்லாம் அப்படியே இருந்தன. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ரொகேலியோவின் மேசையில் அலுவலகச் சாவிக்கொத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சாயோ என்னவோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

*

திமோதியோவின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். முற்றத்தில் பாதி வெல்டிங் முடிந்த டிரெய்லர் சட்டம் ஒன்று கிடந்தது. அவர் அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். ஒத்தீலியா உட்காரவில்லை.

"நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றாள். "கையில எடுத்துப் பாத்தேன். நான்தான்."

தாளைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மெதுவாகப் படித்தார். நூலின்மேல் விரலை வைத்தார்.

"தீ வெச்சுப் பாத்தீங்களா?"

"ஆமா."

"எரிஞ்சுச்சா?"

"காகிதம் மாதிரி எரிஞ்சுச்சு."

"எரியக்கூடாதா?"

"எரியவே கூடாது."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாதையில் ரயில் ஒன்று போய் முடிந்தது. பிறகு சொன்னார், அவளிடம் அல்ல, முற்றத்திடம் சொல்வதுபோல.

"பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடுமாம், எஞ்சின் நின்னா. போலீஸ்காரர் சொன்னாரு. ரெண்டு காலாலயும் மிதிச்சிருக்கா. வலது செருப்பு கழண்டு பெடலுக்கு அடியில கெடந்துச்சு. வெள்ளச் செருப்பு. அவ அம்மா வாங்கிக் குடுத்தது."

ஒத்தீலியா நாற்காலியை இழுத்தாள். அப்போதுதான் உட்கார்ந்தாள். தான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. அது அவருக்கு ஆறுதலா கொடுமையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

"நீங்க போங்க" என்றார் அவர். "இப்ப உங்கள ஏதாச்சும் சொல்லிடுவேன். போங்க."

போனாள். நாற்காலியில் தன் முகவரியை எழுதி வைத்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டு வாசலில் அவருடைய வேன் வந்து நின்றது. இறங்காமலே ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"மீதி பெல்ட்டெல்லாம் எங்க?"

*

அடுத்து நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. வாஷிங்டனில் இருக்கிற வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவள் குறிப்புத்தாளின் நகலும், அவர் அறுந்த பெல்ட்டும் போயின. ரொகேலியோவிடம் விசாரணைக்கு ஆள் வந்தது. லைசன்ஸ் போகவில்லை, ஆனால் பெரிய வாடிக்கைக்காரர்கள் இருவர் போய்விட்டார்கள். அவர் அவளைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொன்னார்: "எம் முகத்த பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம் ஒத்தீலியா." இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சான் அன்டோனியோ வியாபாரி கடையை மூடினார். திரும்பப் பெறும் அறிவிப்பு எட்டு மாதம் கழித்து வந்தது. அறுநூற்றுப் பதினொரு பெல்ட்டுகள் திரும்பின. மற்றவை கைமாறிக் கைமாறிப் போன பழைய கார்களில், அறிவிப்புக் கடிதம் போய்ச் சேராத முகவரிகளில் இருந்தன.

அந்த நீலக் கார் வருவது நிற்கவில்லை. தாளைக் கொடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது அவள் கண்ணை மூடிக்கொள்வதில்லை. நின்று பார்ப்பாள். அந்தப் பெண் இரண்டு தடவை சாவியைத் திருகி முடிக்கும்வரை கூடவே நிற்பாள்.

சனி, ஞாயிறுகளில் திமோதியோவும் அவளும் நகருக்கு வெளியே இருக்கிற பழைய பொருள் சந்தைக்குப் போனார்கள். பழைய கார்கள் அங்கேதான் குவியும். எந்தெந்த வண்டிக்கு நூற்றி நான்கு சென்டிமீட்டர் பெல்ட் பொருந்தும் என்ற பட்டியல் அவள் கையில் இருந்தது. அந்த வகைக் காரைக் கண்டால் சொந்தக்காரர் வரும்வரை காத்திருந்து, முன்மூடியைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். திமோதியோ பெல்ட் உறையின் திருகுகளைக் கழற்றுவார், அவள் டார்ச்சால் பெல்ட்டின் முதுகிலுள்ள எழுத்தைப் படிப்பாள். சிலர் பைத்தியங்கள் என்றார்கள். சிலர் வேறெதையோ விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். பதினேழு வாரத்தில் மூன்று பெல்ட் கிடைத்தது.

நான்காவது, ஆகஸ்ட் மாதம். தர்பூசணிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். சொந்தக்காரி முப்பது வயதுப் பெண், கூடவே மூன்று பிள்ளைகள். சலித்துக்கொண்டேதான் திறந்துவிட்டாள்.

"சீக்கிரம் பாருங்க. நாங்க மான்டெர்ரே போகணும். மாமியார் பொறந்தநாள்."

ஒத்தீலியா டார்ச் அடித்தாள். எழுத்து அதேதான். ஓரத்தில் நான்கைந்து வெள்ளை நூல்கள் பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்தாள். காருக்குள் எட்டி, சாவியை உருவிக் கையில் பொத்திக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"இந்த வண்டி ஓடக்கூடாது."

"நல்லாத்தானே ஓடுது! காலையில கூட ஓட்டிட்டு வந்தேன். சாவியக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"திருட்டுக் கெழவி! குடுடி சாவிய!"

அவள் ஒத்தீலியாவின் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள். நகம் பட்டு ரத்தம் வந்தது. கூட்டம் சேர்ந்தது. பிள்ளைகளில் சின்னது அழ ஆரம்பித்தது. யாரோ போலீஸைக் கூப்பிடு என்றார்கள். ஒத்தீலியா கையை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திமோதியோ திருகாணியைக் கழற்றி, பெல்ட்டை உருவி எடுத்து வந்தார். அதைப் பல் வெளியே தெரியும்படி பின்பக்கமாக மடித்து, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தார். துணி கிழிகிற சத்தத்தோடு அது பாதிவரை பிய்ந்தது. அந்தப் பெண் அவருடைய கைகளையே பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள்.

வேனில் இருந்த நல்ல பெல்ட்டை அவர் மாட்டி முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. அந்தப் பெண் யாருக்கோ போன் போட்டு, வர மாட்டோம், வண்டி கெட்டுப்போச்சு என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லவில்லை. போகும்போது ஜன்னலை இறக்கி, "கையக் கழுவி மருந்து போடுங்க" என்றாள் ஒத்தீலியாவிடம்.

கார் கிளம்பியது. எஞ்சின் சத்தம் சந்தையின் கடைசிக் கூடாரம்வரை கேட்டது, பிறகு நெடுஞ்சாலையில் மற்ற சத்தங்களோடு கலந்துவிட்டது. திமோதியோ ஒரு தர்பூசணித் துண்டை வாங்கி வந்து அவளிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க. அந்த வரிசைக் காருங்கள இன்னும் பாக்கல."